அயல்மொழிப் பிரிவு ஒதீல்

"அயல்மொழி நூல் கொள்முதல் அலுவலர். பன்மொழித் தேர்ச்சியும் உலகளாவிய விநியோகஸ்தர்களுடன் நெருங்கிய தொடர்பும் உடையவர்." நகராட்சிக் கோப்பு ஒதீல் பூஜாதெஸை இப்படித்தான் வர்ணித்தது. ஒதீலுக்குத் தெரிந்தவை இரண்டே பாஷை: பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, வீட்டில் திட்டு வாங்கிய கத்தலான். அதில் இரண்டாவதுதான் அயல்மொழி என்று பாரீசில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். பிரான்சும் ஸ்பெயினும் தொடும் எல்லையில், அவள் வேலை பார்த்த நூலக ஜன்னலுக்கு வெளியே, சந்தையில், அந்த அயல்மொழியில்தான் கிழவர்கள் பீச் பழத்துக்குப் பேரம் பேசினார்கள்.

ஊரில் கத்தலானில் சொல்லித்தரும் ஒரு சின்னப் பள்ளி உண்டு. வியாழக்கிழமைதோறும் டீச்சர் மிரேயா இருபத்திரண்டு பிள்ளைகளை நூலகத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவாள். அலமாரியில் கத்தலான் புத்தகம் மொத்தம் பதினான்கு.

"ஒதீலக்கா, இந்த வாரமும் அதே ஓநாய்க் கதைப் புக்கா? புள்ளைங்க அந்த ஓநாய்க்குப் பேரே வெச்சாச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள புதுசா எதுவும் வரலன்னா பிரெஞ்சு அலமாரிக்குத் தாவிடுவாங்க. தாவினா திரும்ப வரமாட்டாங்க."

அது ஒதீலுக்குத் தெரியாதா? ஏழு வயதில் தாவியவள்தான் அவளும். இன்றுவரை கத்தலானில் ஒரு கடிதம் எழுதக் கை வராது.

அயல்மொழி டெண்டரை எடுத்திருந்தது வடக்கே ஒரு நிறுவனம். கத்தலான் கேட்டாள், பெட்டி நிறைய ஸ்பானிஷ் வந்து இறங்கியது. போன் போட்டாள்.

"ஸ்பெயின் புக்குதானே மேடம் கேட்டீங்க?"

"ஸ்பெயின்லேர்ந்துதான் வந்திருக்கு, தம்பி. நான் கேட்ட பாஷைல வரலையே."

"எங்க கம்ப்யூட்டர்ல ஸ்பெயினுக்கு ஒரே பாஷைதான் மேடம். வேணும்னா போர்ச்சுகீஸ் அனுப்பட்டுமா? பக்கத்துலதானே இருக்கு."

அடுத்த பெட்டியில் அட்டைப்படங்கள் மாறியிருந்தன. பாஷை மாறவில்லை.

மலைக் கணவாயைத் தாண்டினால் முக்கால் மணி நேரத்தில் ஸ்பெயின் பக்கத்து ஊரான பிகேரஸ். அங்கே நர்சீஸின் புத்தகக் கடையில் தரையிலிருந்து கூரைவரை கத்தலான்தான். சனிக்கிழமையானால் ஊரே எல்லை தாண்டிப் போய் சிகரெட்டும் மதுவும் மலிவாக அள்ளி வரும். யாரும் ஏனென்று கேட்பதில்லை. நூலகம் மட்டும் அங்கே ஒரு புத்தகம் வாங்கக்கூடாது. வியாபாரி பெயர் நகராட்சிப் பட்டியலில் இல்லையாம். செப்டம்பரில் ஒதீல், அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். நர்சீஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டினார்.

"அம்மாடி, நான் ஜெயிலுக்குப் போனதில்லைன்னு பிரெஞ்சுல சத்தியம் பண்ணணுமா? பிரான்ஸ்ல ஒரு ஆபீஸ் வேற வேணுமாமே! அங்க ஆபீஸ் போடுற ஆளு இங்க ஏன் கத்தலான் புக்கு வித்துக்கிட்டு இருக்கான்?"

"கையெழுத்தாவது போட்டுக் குடுங்க, மாமா. கெஞ்சிப் பாக்குறேன்."

போட்டுக் கொடுத்தார். நவம்பரில் பதில் வந்தது: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, டெண்டர் நான்கு வருஷத்துக்குத் திறக்காது. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம்.

"பெட்டி பெட்டியா வந்துச்சே, ஒதீல்! நிதி ஒண்ணும் திரும்பிப் போகல. நல்ல வருஷம்."

ஒதீல் தலையாட்டினாள். வேறென்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை பிகேரஸ் போனவள் நர்சீஸின் கடைக்குப் போகவில்லை. அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய்த் தன் பெயரில் உறுப்பினர் அட்டை எடுத்தாள். ஓய்வுபெறும்வரை, பதினொரு வருஷத்தில், டெண்டர் மறுபடி திறந்தபோதும், கத்தலானில் ஒரு புத்தகம்கூட அவளால் வாங்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கொரு முறை பதினைந்து சிறுவர் புத்தகங்களை இரவல் எடுத்து வந்து தன் நூலகத்துக் கத்தலான் அலமாரியில் வைத்தாள். கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தாள்.