யூராலஜி டாக்டருடன் ஒரு பேச்சுவார்த்தை

தொழிற்சங்க வேலையைத் தொண்டையால் செய்கிறோம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்வது மூத்திரப்பை. கும்மிடிப்பூண்டி ஆலை வாசல்களில் தலை நரைக்கும்வரை நின்ற எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. ஷிஃப்டில் நின்றவர்களுக்கும், லாரியை நிறுத்த இடமில்லாமல் அடக்கிக்கொண்டே ஓட்டியவர்களுக்கும் இது புரியும். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

முதலில் எழுந்தவன்

நிர்வாகத்தோடு பேசப் போனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழையுமுன் எல்லோரும் ஒன்றுக்குப் போய்விட வேண்டும். அதன்பிறகு பேச்சு முடியும்வரை தண்ணீரைத் தொடக்கூடாது. மேசையை விட்டு எழுந்தவன் திரும்பி வருவதற்குள் ஒரு கோரிக்கை காணாமல் போயிருக்கும். இது நிர்வாகத்துக்கும் தெரியும். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு டீ மேல் டீயாக அனுப்புவார்கள்.

ஷிஃப்ட் நேரத்தில் கழிப்பறைக்குப் போக உரிமை கேட்டு ஒரு போராட்டம் நடத்தினோம். அதன் கடைசிப் பேச்சுவார்த்தையில் காலையில் உட்கார்ந்த நான் மாலைவரை எழவில்லை. உரிமை கிடைத்தது. இன்று அந்தக் கழிப்பறையில் உட்கார்ந்து போன் பார்ப்பவர்களுக்கு என் பெயர் தெரியாது. அன்று வெளியே வந்து ஒன்றுக்குப் போகச் சுவரோரம் வெகுநேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற தோழர் ஏழுமலை சொன்னார்: "ஊருக்கே வாங்கிக் குட்த்துட்ட தலைவரே, உனுக்குத்தான் வரமாட்டேன்னுது."

கொடியின் நிறம்

போன வருடம் ஒரு வாயிற்கூட்டம் முடிந்து அதே சுவரோரம் ஒதுங்கியபோது சிவப்பாகப் போனது. வலி இல்லை. பீட்ரூட் சாப்பிட்டிருப்பேன் என்று முடிவு செய்தேன். வீட்டில் அந்த வாரம் பீட்ரூட் வாங்கவே இல்லை.

ரோலிங் மில்லில் ஒரு தோழர் இப்படித்தான், வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டார். மூத்திரப்பையில் புற்று. அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசியது நான்தான். அந்தப் பேச்சு எனக்கு இன்னும் மனப்பாடம். மனைவி மேரியிடம் எதுவும் சொல்லவில்லை. ஏழுமலையிடம் மட்டும் சொன்னேன். "இன்னா தலைவரே, கொடி கலரு உள்ளயே எறங்கிடுச்சா? நான் சிரிக்கிறேன்னு நீயும் சிரிச்சிக்கினு இருக்காத, போய் டாக்டரப் பாரு."

வெளியே வந்தவர்களைக் கேள்

கிட்னி டாக்டர் என்ற போர்டைப் பார்த்து ஓர் இடத்துக்குப் போனேன். அவர், மருந்து கொடுக்கும் கிட்னி டாக்டர் நான், உங்களுக்கு வேண்டியது யூராலஜி என்று திருப்பி அனுப்பினார். நீர்க்கடுப்பு என்று மட்டும் சொல்லிக் கேட்டதற்கு, பொதட்டூர்பேட்டை மச்சான் வாழைத்தண்டுச் சாறு போதும் என்றார். நெடுஞ்சாலைப் பலகைகளில் கைகட்டிச் சிரிக்கும் டாக்டர்களை நான் நம்பவில்லை. கைகட்டிச் சிரிக்கும் முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆலையைப் பற்றித் தெரியவேண்டுமானால் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவனைக் கேட்க வேண்டும். அதையே செய்தேன். சிகிச்சை முடிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டதில், திருவள்ளூரில் இருக்கும் ஒரு மூத்த டாக்டரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மீஞ்சூரில் டீக்கடை வைத்திருப்பவர் சொன்னதுதான் என்னை அசைத்தது: "என்னிய அவரு அறுக்கவேல்ல. மாத்திரைய குட்த்து, ஊட்டுக்குப் போ நைனான்னு அனுப்சிட்டாரு."

காலிப் பை

முன்பதிவு செய்தபோதே போனில் சொல்லிவிட்டார்கள்: பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவர வேண்டும். ஸ்கேன் இருப்பதால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் சரியாகவே செய்தேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் கால் பழைய வழக்கப்படி நேராகக் கழிப்பறைக்குப் போய்விட்டது. நிம்மதியாக வந்து படுத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பை நிரம்பட்டும் என்று என்னை பெஞ்சுக்கு அனுப்பினாள்.

எதிர்த்தரப்பைத் தனியாகச் சந்திப்பதில்லை என்பது இன்னொரு வழக்கம். அதனால் ஏழுமலையும் இன்னொரு தோழரும் உடன் வந்திருந்தார்கள். சும்மா செக்கப் என்று சொல்லியும் மேரி கிளம்பி வந்திருந்தாள். நான் பாட்டிலைத் திறந்ததும் தோழர்கள் இருவரும் ஆதரவாக ஆளுக்கொரு பாட்டில் குடித்தார்கள். எனக்கு முன்பே அவர்களுக்கு முட்டிக்கொண்டு வந்தது. மாறி மாறி ஓடுவதைப் பார்த்த நர்ஸ் கேட்டார்: "உங்கள்ல பேஷன்ட் யாருங்க?"

முதல் சுற்று

ஸ்கேன் முடிந்து உள்ளே போனதும், டாக்டரிடம் முதலில் நான் கேட்டேன். இந்த வைத்தியம் அடிக்கடி செய்கிறீர்களா? ஆபரேஷன் என்றால் கை வைப்பது நீங்களா, வேறு ஆளா? பிறகு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். எந்த மேனேஜரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

அடுத்து அவர் முறை. எரிச்சல்? இல்லை. தூக்கத்தில் எழுந்திருப்பது? இல்லை. பீடி, சிகரெட்? எப்போதாவது. ரத்தம்? இல்லை. முதல் சுற்றில் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பயிற்சி. எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். அப்போது மேரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இவரு லுங்கிய நான்தான் தொவைக்கிறேன் டாக்டர். கிறிஸ்மஸுக்கு முன்னாடிலேர்ந்து ரத்தக் கறை. வாயத் தொறந்து சொல்லட்டும்னு பாத்துக்கினு இருந்தேன். ஊரு கோரிக்கைய எல்லாம் மைக்குல கத்துறாரு, தன்னுத ஒன்னு சொல்ல வாயில்ல."

ஒப்பந்தம்

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, ஸ்கேனில் தெரியாத சின்னக் கட்டி ஒன்றை எடுத்தார். கெட்ட கட்டிதான், ஆனால் பையின் சுவருக்குள் இறங்கவில்லை. பீடியை விட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமராவுக்கு வர வேண்டும். எதையும் திருத்தாமல் நான் ஒப்புக்கொண்ட முதல் ஒப்பந்தம் இது. கிளம்பும்போது டாக்டர் தோழர்களைக் காட்டிச் சொன்னார்: "அடுத்த தடவை இவங்க வேணாம். அந்தம்மா மட்டும் வரட்டும்."

முதலில் எழுந்தவன் தோற்றான் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்த நான், இப்போது நிர்வாகம் வைக்கும் தண்ணீரை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, பேச்சின் நடுவே முதல் ஆளாக எழுந்து, நான் வாங்கிக் கொடுத்த அதே கழிப்பறைக்குப் போகிறேன்.