நாளைக்கு வா, ஆத்தா

நான் யாரையும் எளிதில் மன்னிக்கிறவள் அல்ல. போடியில் எஸ்டேட் ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் பன்னிரண்டு நாள் காலையில் நின்றவள் நான். கங்காணி குடைக்காம்பால் ஒவ்வொருத்தியாகத் தொட்டு ஜீப்பில் ஏற்றுவார். என் முறை வந்ததும் சூம்பிப்போன என் இடது காலைப் பார்ப்பார்.

"நாளைக்கு வா, ஆத்தா."

இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேறு வேலை தேடிப் போயிருப்பேன். ஏலக்காய், செடியின் காலடியில் காய்ப்பது. குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். குரங்கணிச் சரிவில் கம்பை ஊன்றி ஏறி இறங்கியே வளர்ந்த எனக்கு அது வராதா? இதைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை.

அதைவிடக் கொடுமை தூக்குச்சட்டி. வேலைக்குக் கிளம்புகிறவள் மதியச் சோற்றோடுதான் போக வேண்டும். அதே சோற்றோடு திரும்பி வந்தால், இன்றைக்கும் இவளை ஏற்றவில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காலை எட்டு மணிக்கே தின்று தீர்ப்போம். ஒரு கை விளங்காதவள், காது கேட்காதவள், ஜெயிலுக்குப் போய் வந்தவள், நான். பன்னிரண்டாம் நாள் வீட்டில் சோறு இல்லை; தூக்குச்சட்டி இல்லாமல் போனேன். அடுத்த நாள் போகவே இல்லை. அந்த வாரம் அம்மா காதுத்தோட்டை விற்றாள்.

சுவரைப் பார்த்துத் தின்ற அந்த நாலு பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் காய் தரம் பிரிக்கும் இந்தக் கொட்டகை. முறத்தில் கொட்டி, வெடித்த காய், கறுத்த காய், பூச்சி விழுந்த காய் என்று பொறுக்குகிற வேலை. வியாபாரிகள் எங்களை நம்பி மூட்டை அனுப்பவே வருஷங்கள் ஆயின. இப்போது இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். வேலை கேட்டு வருகிறவளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உன்னைய எத்தன நாள் நாளைக்கு வான்னு சொன்னாங்க?"

போன ஆவணியில் அந்தக் கங்காணியே வந்து நின்றார். மெட்டு மலைப்பாதை வளைவில் ஜீப்பு கவிழ்ந்து முழங்கால் போய்விட்டது. எஸ்டேட்டில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஒரு கையில் கம்பு, மறு கையில் தூக்குச்சட்டி.

"உக்காந்து செய்யிற சோலி எதுனாலும் குடு தாயி. வீட்டுல அவளுக்கும் முடியல."

எத்தனையோ வருஷமாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். "நாளைக்கு வாங்கண்ணே."

வயிறு குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வந்தார். அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் வாசலில் நிற்கும்போதே, கை விளங்காதவள் என் காதில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள் அலைய விடுக்கா." அவர் போனதும் கொட்டகையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு கடைக்குப் போகிற சாக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அதே சுவர். அதைப் பார்த்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

நான்காம் நாள் தூக்குச்சட்டி இல்லாமல் வந்தார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நாளைக்கு இவர் வரமாட்டார். அந்த வீட்டிலும் ஏதோ ஒன்று விலைக்குப் போகும். இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இவர் இப்படிப் போய்விட்டால் இத்தனை வருஷக் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது? உள்ளே வரச் சொன்னேன்.

கை விளங்காதவளுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். புதிதாக வந்தவர்களின் முறத்தைப் பக்கத்தில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவள் தினமும் ஒரு வெடித்த காயையாவது கண்டுபிடித்து, முறத்தை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். "இன்னொருக்காப் பாருங்கண்ணே." அவரும் குனிந்து மறுபடி பார்ப்பார்.

மதியம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் தள்ளிப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறார். இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.