ஒரு தொகுதிக்கு ஒரு வரி

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 63ஆம் பிரிவு: ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், எத்தனை உறுப்பினர்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. ஆனால் ஒரே வேட்பாளருக்கு ஒன்றுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும்.

1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழித்துவிட்டார்கள். இந்தப் பிரிவுக்கும் வேலை போயிற்று. அது நடப்பில் இருந்த காலத்தில் படிக்காத வாக்காளர்கள்கூடப் பெரும்பாலும் அதை மதித்தார்கள். மீறியவன் நான். இரண்டு வாக்கையும் ஒருவருக்கே போட்டேன், அதுவும் அரசாங்கத் தாளில், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

1997இல் நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. காலை வேளைகளில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு வாசக சாலையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். குடும்ப அட்டை, பட்டா, பிறந்த தேதித் திருத்தம். இலவசம்தான். இலவசம் என்பதால் யாரும் என் ஆலோசனையை மதிக்கவில்லை, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சுதந்திரப் பொன்விழா அந்த ஆண்டு. வாசக சாலையின் தலைவர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, ஒரு பெரிய பலகை வைக்க வேண்டும் என்றார். 1952 முதல் நம் மாநிலத்திலிருந்து மக்களவைக்குப் போன எல்லோருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். அவருக்கு இந்த விஷயத்தில் தீராத ஆத்திரம் ஒன்று உண்டு.

"நாற்பத்தொண்ணு இருந்தது ஓய். அறுபத்தேழுல முப்பத்தொன்பது ஆக்கிட்டான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா பண்ணிண்டோம், அதுக்குத் தண்டனை."

"அது அறுபத்தொன்று மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்தது. அப்போது குடும்பக் கட்டுப்பாடு பெரும்பாலும் சுவரில்தான் இருந்தது" என்பேன்.

"நீர் எப்பவும் அவா கட்சி."

எழுபத்தாறில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இரண்டாயிரம் வரை எண்ணிக்கையைத் தொடக் கூடாது என்று நிறுத்தி வைத்ததை எடுத்துச் சொன்னாலும் அவர் சமாதானம் ஆகமாட்டார். போன இரண்டு இடங்களும் அவருடைய சொந்த ஆத்துக் கொல்லையிலிருந்து போனது போலப் பேசுவார்.

பட்டியலின் பழைய ஆண்டுகளுக்கு ஆதாரமாக அவர் எங்கிருந்தோ ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு அட்டை, ஒரு துறை 1963இல் வெளியிட்ட கையேடு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துறையில்தான் நான் உதவியாளராக இருந்தேன். அதிலிருந்த உறுப்பினர் அட்டவணையை எழுதியவனும் நான்தான். பெருமையாகக்கூட இருந்தது. அதிலிருந்து நகல் எடுத்து, வாக்காளர் பட்டியலுக்குச் செய்வதுபோல, 'வரைவு' என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் குத்தினேன். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள். தலைவர் சிரித்தார். "செத்துப்போனவாளா வந்து ஆட்சேபம் பண்ணப்போறா?"

பதினான்காம் நாள் ஓர் ஆசிரியை வந்தார். ஐம்பது வயது இருக்கும். தேனாம்பேட்டையில் வீடு, தி.நகரில் மாநகராட்சிப் பள்ளியில் வேலை. கையில் அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே உறை ஒன்று வைத்திருந்தார்.

"ஆட்சேபம் குடுக்க வந்தேன் சார்."

"எந்தப் பேர் மேல?"

"இல்லாத பேர் மேல."

உறையிலிருந்து அவர் எடுத்தது எக்ஸ்ரே அல்ல. 1957 பொதுத்தேர்தலில் தேர்தல் அதிகாரி கொடுத்த வெற்றிச் சான்றிதழ். மடங்காமல் இருக்க அதற்குள் வைத்திருந்தார். அவருடைய தந்தையின் பெயர், தென் மாவட்டம் ஒன்றின் தொகுதி, 'தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட இடம்' என்ற வரி. அது இரட்டைத் தொகுதி: ஒரு பொது இடம், ஒரு தனி இடம். என் அட்டவணையில் அந்தத் தொகுதிக்கு எதிரே ஒரே ஒரு பெயர் இருந்தது. இவருடைய தந்தை பெயர் அல்ல.

"அப்ப எனக்குப் பதினொரு வயசு" என்றார். "ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். கையில ரெண்டு சீட்டு குடுப்பாங்க. ஊர்க்காரங்க ஒண்ணைப் பெரியவர் பெட்டியில போட்டுட்டு இன்னொண்ண என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருக்காங்க. அப்பா ஓட்டுக் கேக்கவே இல்ல சார். ரெண்டாவது சீட்டுக்கு வேற பெட்டி இருக்குன்னு காட்டிக்கிட்டே நடந்தாரு, அவ்வளவுதான்."

அவர் பலகைக்காக வரவில்லை, இங்கே ஒருவன் மனு எழுதித் தருகிறான் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அந்தத் துறை பொன்விழாவுக்காகக் கையேட்டை மறுபதிப்புச் செய்யப்போகிறது, பள்ளி நூலகங்களுக்கெல்லாம் அனுப்பப்போகிறது. பழைய பதிப்பு அவர் பள்ளியிலும் இருந்தது. வகுப்பில் ஒருநாள் தன் தந்தை நாடாளுமன்றத்தில் இருந்தவர் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் புத்தகத்தைப் பிரித்து, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நடுவே, அந்தப் பெயர் இல்லையே டீச்சர் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லியிருக்கிறார்.

"பொய் சொன்னவள்னு பேரோட நான் ரிட்டயர் ஆக மாட்டேன் சார். போர்டு மழையில அழிஞ்சிடும். எனக்குப் புஸ்தகம் வேணும்."

துறைக்கு மூன்று மனு போட்டிருந்தார். மூன்றாவதற்கு வந்த பதிலைக் காட்டினார். அந்த நடை எனக்குத் தெரியும். நான் பழக்கிவிட்ட நடை. 'இவ்வலுவலகப் பதிவேடான 1963ஆம் ஆண்டுக் கையேட்டில் மனுதாரர் குறிப்பிடும் பெயர் காணப்படவில்லை. கையேட்டுக்கு அடிப்படையான கோப்பு, காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது. தக்க காரணமின்றிப் பெயர் விடுபட்டிருக்க வாய்ப்பில்லை.'

கையேட்டில் பெயர் இல்லை என்பதற்குக் கையேடே சாட்சி. சான்றிதழ் அவர் வென்றதைத்தான் காட்டும். பெயர் ஏன் விடுபட்டது என்பதைக் காட்டாது. அதைச் சொல்லக்கூடிய கோப்பு இல்லை. மிச்சம் இருந்த ஒரே கோப்பு நான்.

ஆட்சேபத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு 1957ஆம் ஆண்டுப் பட்டியலின் வரிசை எண்களை விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று இருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. தலைவர் இரண்டு இடம் போனதற்கு இத்தனை ஆண்டு புலம்பினார்; என் அட்டவணையில் அதைவிட அதிகம் போயிருந்தது.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வரிசை எண், தொகுதி, உறுப்பினர் என்று மூன்று பத்தி கோடு போட்டேன். ஒரு தொகுதிக்கு ஒரு வரி. இரட்டைத் தொகுதி வந்தபோது வரியில் இடம் போதவில்லை. மேலே இருந்த பெயரை எழுதினேன். மேலே இருந்தவை எல்லாம் பொது இடத்துப் பெயர்கள். மேலதிகாரி எதுவும் சொல்லவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கீழே இருந்த பெயர்களெல்லாம் யாருடையவை என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத இடத்தில் பிறந்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையை வரச்சொல்லி இதைச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு சார்?"

"இருபத்தேழு."

"ஒரு தடவை எண்ணிப் பாத்திருக்கலாம்."

"ஆமாம்."

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"மனு எழுதப்போறேன்."

"யார் மேல?"

"என் மேலதான்."

அவர் சிரிக்கவில்லை. "நகல் ஒண்ணு எனக்குக் குடுங்க" என்றார்.

முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதினேன். இன்ன ஆண்டு, இன்ன பிரிவில், இன்ன அட்டவணையைத் தயாரித்தவன் நான். இரட்டைத் தொகுதிகளின் இரண்டாவது பெயர்களை விட்டது நான். அதற்குப் பத்தியின் அகலத்தைத் தவிர எந்தக் காரணமும் இல்லை. விடுபட்ட மற்றவர்களின் பெயர்களையும் பழைய அரசிதழ்களிலிருந்து தேடி எடுத்து இணைத்தேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்கு ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சிக்காக ஓய்வு பெற்றவர்மேல் துறை நடவடிக்கை தொடங்க முடியாது என்று ஓய்வூதிய விதியில் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் அதை ஒருமுறை படித்துக்கொண்டேன்.

அந்தத் துறையில் என்னிடம் வேலை பழகியவர் ஒருவர் இப்போது பிரிவு அலுவலர். உறுதிமொழியை அவர் மேஜையிலேயே வைத்தேன். படித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"சார், என்ன சார் இது. உங்க மேல நீங்களே புகார் குடுக்கறீங்க."

"வேற யாரும் குடுக்கலையே."

"இதை எந்தக் கோப்புல வைக்கறது? புகார்னா விசாரிக்கணும். விசாரிச்சா உங்களைக் கூப்பிடணும்."

"கூப்பிடு. நாலு பஸ் மாறியாவது வந்துடறேன்."

"சும்மா ஒரு காகிதமா குடுத்துட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்றால் என்ன பொருள் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதனால் தபால் பிரிவில் கொடுத்து, எண் போட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு நினைவூட்டு. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் முந்தியவற்றின் தேதிகளை, 'பார்வை' என்ற தலைப்பின்கீழ்க் குறித்தேன். ஆசிரியையும் தன் பங்குக்குத் தனியாக ஒன்று அனுப்பினார். அவருடையதில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: என் தந்தையின் பெயர் சேர்ந்துவிட்டதா? என்னுடைய இரண்டு பக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

ஜூலையில் பலகை வந்தது. ராயப்பேட்டை பாய் ஒருவர் எழுதினார். மூன்று தலைமுறையாகக் கடைப்பலகை எழுதுகிற குடும்பம். 1957க்கு வந்தபோது, இரண்டு பெயராக எழுதச் சொன்னேன். தலைவர் ஒப்பவில்லை.

"கவர்மென்ட் புஸ்தகத்துல இல்லாத பேரை நாம எப்படி எழுதறது? நாளைக்கு எவனாவது வந்து கேப்பான்."

"புஸ்தகத்தை எழுதினவனே கேட்கிறேன்."

"என்ன?"

சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு வருஷமா என் எதிர்ல உக்காந்துண்டு, நான் ரெண்டு சீட்டுக்கு அழுதப்போ சிரிச்சேரே ஓய்."

கடைசியில் வாசக சாலைக் குழு ஒரு முடிவெடுத்தது. இரட்டைத் தொகுதிகளுக்கு இரண்டு வரி. இரண்டாவது வரியில் எண் மட்டும். துறையின் பதில் வந்ததும் பெயர்.

தூரிகையைத் தாழ்த்திக்கொண்டு பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னா சார் இது. பேரு தெரியும்ன்றீங்கோ, எழுதாதன்றீங்கோ. ரெண்டு பேரு இருந்தா ரெண்டு லைன் போட்டா முடிஞ்சிச்சு. இதுக்கு எதுக்கு சார் கவர்மென்ட்டு?"

முப்பத்து நான்கு ஆண்டுக்கு முன் என் மேஜையில் அவர் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பலகையைத் திறந்தார்கள். ஆசிரியை வந்திருந்தார். 1957க்குக் கீழே எண்ணும், அதற்கு எதிரே வெறும் வெள்ளையும் இருந்த இடத்தின் முன் நின்றார். பெயருக்கு இடம் எவ்வளவு விட்டிருக்கிறது என்று விரலால் சாண் போட்டுப் பார்த்தார்.

"பத்தும் சார். இனிஷியலோட பத்தும்."

அக்டோபரில் பிரிவு அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுபதிப்பின் அச்சுப்படி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குத் திரும்பப் போகிறது, என் காகிதம் இன்னும் மேலே போகவில்லை. நானும் ஆசிரியையும் வியாழக்கிழமை போனோம். அவர் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பார்வையாளர் பெஞ்சில் பதினொன்றரைக்கு உட்கார்ந்தோம். உணவு இடைவேளை வந்தது, போனது. மேலதிகாரி கூட்டத்தில் இருப்பதாக மூன்று முறை சொன்னார்கள்.

"எழுந்து போயிடுவோம்னு நினைக்கிறாங்க போல" என்றார் ஆசிரியை.

"அதுக்குத்தான் பெஞ்சில் சாய்மானம் கிடையாது."

நாலரை மணிக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி இளைஞர், நல்லவர். சான்றிதழைப் பார்த்தார், உறுதிமொழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 1957ஆம் ஆண்டு வரிகளை எண்ணிப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். பென்சிலால் ஓரத்தில் எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். "பார்க்கிறேன்" என்றார். அச்சுப்படியைப் பிரிவு அலுவலரிடம் தராமல் தன் இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் எழுந்தோம்.

பிறகு மழை வந்தது. பலகைக்குத் தலைவர் தார்ப்பாய் கட்டினார். நினைவூட்டு ஒன்பது, பத்து. பலகையைப் பார்க்க வந்ததுபோல் இரண்டு முறை வந்த பாய், கவர்மென்ட்டு பேர் சொல்லிச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிசம்பரில் ஒரு மாலை, பள்ளி விட்டு நேராக ஆசிரியை வந்தார். எக்ஸ்ரே உறையில் இப்போது இரண்டு காகிதங்கள். ஒன்று மறுபதிப்பின் பக்க நகல்: 1957, அந்தத் தொகுதி, இரண்டு வரி, இரண்டாவதில் அவருடைய தந்தையின் பெயர், இனிஷியலோடு. மற்ற இரட்டைத் தொகுதிகளும் அப்படியே. வரிசை எண் நாற்பத்தொன்றில் முடிந்தது. காலையில், பள்ளிக்கு வந்த புதிய கையேட்டை ஆசிரியர் அறை மேஜைமேல் பிரித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனதாகவும், திரும்பி வந்தபோது பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதை மூடாமல் வைத்திருந்ததாகவும் சொன்னார்.

இன்னொன்று கடிதம். கடைசிப் பத்தியை அவரே வாசித்தார்: '1963ஆம் ஆண்டுப் பதிப்பில் நேர்ந்த விடுபடல், தட்டச்சுப் பிழையாகக் கருதப்படுகிறது.'

"உங்களைக் காப்பாத்திட்டாங்க சார்" என்றார்.

தட்டச்சு செய்தவர் ஒரு பிழையும் செய்யாதவர். அதற்கு வேறொரு மனு எழுத வேண்டும். ஆனால் முதலில் பாய்க்கு ஆள் அனுப்பினேன். பிறகு பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்து, எப்போது கைக்கு வந்தது என்று கேட்டேன். கடிதத்தின் தலையில் நவம்பர் 24 என்று இருந்தது. அது எழுதியவருடைய தேதி. பெற்றவருடைய தேதிதான் கணக்கு. அவர் சொன்னார், ஓரத்தில் எழுதினேன்: 9-12-1997.