கிளியனூரில் திறந்த பாட்டில்

எதையும் மூன்று தடவை பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. பஞ்சர் ஒட்டிக் காற்றடித்துக் கொடுத்த பிறகும் வண்டிக்காரரை நிறுத்தி, வால்வில் எச்சில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். அவர் போன பிறகும் வந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விழுப்புரத்தில் இந்த வேலைக்கு வந்தவன். இந்தப் புத்தி தொழிலுக்கு நல்லது என்றுதான் நினைத்திருந்தேன், அந்த ஐப்பசி வரைக்கும்.

தலைப் பிரசவத்துக்கு என் மனைவி திண்டிவனத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஏழு மாதம் முடிந்த உடனே பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. மூச்சு விட முடியவில்லை என்று ஆம்புலன்சில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாயை ஐந்து நாளைக்கு அசைக்கக் கூடாது என்று திண்டிவனத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மா தமிழ்நாட்டில், குழந்தை பாண்டிச்சேரியில். நடுவில் நாற்பது கிலோமீட்டர், ஓயாத மழை, என் பழைய பைக்.

புதுச்சேரி சிஸ்டர் மூடி போட்ட சின்ன பாட்டில்கள் கொடுத்தார். "தாய்ப்பால்தான் இதுக்கு மருந்து. ஐஸ்ல வெச்சு எடுத்துக்கினு வாங்க. பாட்டில மட்டும் நீங்க தொறக்கவே கூடாது." அப்போது அவர் பார்வை என் கைகள் மேல் இருந்தது. டயர் கருப்பு எந்த சோப்புக்கும் போகாது.

மூன்றாம் நாள் காலை என் மனைவி ஒரு மணி நேரம் அழுத்தி அழுத்தி முப்பது மில்லி எடுத்தாள். பால் புகட்டுகிற ஒரு சங்கு நிறையும், அவ்வளவுதான். தையல் வலியில் உதடெல்லாம் கடித்து வைத்திருந்தாள்.

"இதானாங்க வருது? பத்துமா?"

"பத்தும். பாப்பா இன்னா குடமா குடிக்கப் போவுது?"

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு பாட்டிலை வைத்தேன். அத்தை, அதாவது என் மாமியார், ஆஸ்பத்திரி வாசலில் துணி தேய்க்கிறவரிடம் ஒரு கரித்துண்டு வாங்கி வந்து ஐஸுக்குள் போட்டார்.

"கரி எதுக்கு அத்த?"

"எல்ல தாண்டிப் போற பாலு மாப்ள. காத்து கருப்பு ஒண்ணும் தொடாம இருக்கணும்ல. பேசாம எடுத்துக்கினு போங்க."

எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது. பழைய ட்யூபைக் கீறிய ரப்பர் பட்டையால் பெட்டியை டேங்க் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தார் தெரியாத அளவுக்குத் தண்ணீர். லாரி போனால் முகத்தில் சேற்றை வாரி இறைத்தது. கிளியனூருக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. பெட்டி துள்ளிய சத்தம் டேங்கில் கேட்டது. அதோடு என் புத்தி ஆரம்பித்துவிட்டது. மூடி கழன்றிருக்குமோ? எல்லாம் கொட்டி, வெறும் பாட்டிலைக் கொண்டுபோய் நிற்கப் போகிறேனோ? கால் கிலோமீட்டர்கூடத் தாங்க முடியவில்லை. கிளியனூர் நிழற்குடையில் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன்.

பாதி ஐஸ் கரைந்திருந்தது. கரி தூளாகித் தண்ணீர் மை மாதிரி இருந்தது. பாட்டில் அதில் சாய்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பால் அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்று மூடியைத் திருகினேன். விளிம்பில் நின்ற ஒரு கருப்புச் சொட்டு, என் கண் எதிரிலேயே, பாலுக்குள் இறங்கியது. நூல் மாதிரி கீழே போய்க் கலந்தது.

மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு அம்மா, "இன்னாப்பா, மருந்து கொட்டிக்கிச்சா?" என்றது.

திரும்பிப் போனால் என் மனைவி இன்னும் முப்பது மில்லிக்கு எங்கே போவாள்? மூடினேன். துடைத்தேன். கருப்பு தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே எல்லையைத் தாண்டினேன்.

சிஸ்டர் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கினார்.

"தொறந்தீங்களா?"

"கொட்டிச்சான்னு பாக்கத்தான் சிஸ்டர்... கொஞ்சூண்டு கரிதான். வடிகட்டிக் குடுக்க முடியாதா?"

"ஒன்னேகால் கிலோ கொழந்தைங்க அது. ஒரு கிருமி போச்சுன்னா நான் இன்னா பண்றது?" என்று உள்ளே எடுத்துப்போனார். தொட்டியில் ஊற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு நொடிகூட இல்லை. அதை எடுக்க என் மனைவிக்கு ஒரு மணி நேரம்.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் காலி பாட்டிலும் ஒரு தாளுமாக வந்தார். "வேற அம்மா குடுத்த பால் ஸ்டாக் கொஞ்சம் இருக்கு. இதுல கையெழுத்து போடுங்க, இப்போதிக்கு சமாளிக்கிறோம். சாயந்திரம் கண்டிப்பா கொண்டாரணும். இத வீட்டுக்காரம்மா கிட்ட போயி சொல்லி வெக்காதீங்க. பயந்தாங்கன்னா சுரக்கிறதும் நின்னுடும்."

இதற்கு முன்னால் நான் அவளிடம் மறைத்து ஜெயித்ததே இல்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்பாள்.

திரும்பும்போது தமிழ்நாட்டு எல்லையில் போலீஸ் கை காட்டியது. பாண்டியிலிருந்து வருகிற எந்தப் பெட்டியும் அவர்களுக்குச் சரக்குப் பெட்டிதான்.

"யோவ், ட்யூப் போட்டு கட்டிக்கினு வர அளவுக்கு இன்னா சரக்குய்யா? தொற."

திறந்தேன். கருப்புத் தண்ணீரும் காலி பாட்டிலும். போலீஸ்காரர் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"தாய்ப்பால் சார். கொழந்த அந்தப் பக்கம் இருக்குது. ஒய்ஃபு இந்தப் பக்கம்."

பாட்டிலைத் துடைத்து, மூடியை இறுக்கி, அவரே பெட்டியில் வைத்தார். "குடிச்சுதா?"

"குடிச்சுது சார். ஒரு சொட்டு வெக்கல."

என் வாய்தான் சொன்னது. அந்த வார்த்தையையே திண்டிவனம் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"குடிச்சுதாங்க?"

"ஒரு சொட்டு வெக்கல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முகமெல்லாம் சேறு. அதுதான் காப்பாற்றியிருக்க வேண்டும். "அப்போ பசியாத்தான் இருந்துருக்குது" என்று அழுதாள். அன்று மதியம் நாற்பது மில்லி வந்தது.

அத்தை மறுபடியும் கரித்துண்டோடு நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிளியனூர் பள்ளம் அதே இடத்தில் இருந்தது. பெட்டி அதே மாதிரி துள்ளியது. நிழற்குடை வந்தது. கை தானாகப் பிரேக்குக்குப் போனது. கழன்றிருக்கும், நிச்சயம் கழன்றிருக்கும் என்று உள்ளே ஒருத்தன் கத்திக்கொண்டே இருந்தான். நான் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சிஸ்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "தொறக்கலியே?"

"இல்ல சிஸ்டர்."

அவர் என் சட்டையைப் பார்த்தார். பையிலிருந்து கருப்பு வழிந்து வயிறு வரைக்கும் இறங்கியிருந்தது. பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் தொட்டியில் ஊற்றும் சத்தம் வருகிறதா என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.