பாவம் பார்த்து விட்ட கடைசி வரி

அந்த ரூமுக்குள் நுழைந்தாலே நாக்கில் சிமெண்டு ருசிக்கும்... ஜன்னலை மூடினாலும் ருசிக்கும், வாயை மூடினாலும் ருசிக்கும். நான் வாயை மூடியது குறைவு, அது வேற விஷயம்.

எண்பதுகளின் கடைசி. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. கல்யாணமாகி குன்னத்திலிருந்து வந்த புதிது. படிப்பு நாலாவது... அதுவும் வாத்தியார் மனசு வைத்துப் போட்ட பாஸ்.

மூட்டைக்குச் சரியாக ஐம்பது கிலோ நிரப்பி நிறுத்த ஒரு புது மெஷின் வந்திருந்தது. அதை ஓட்டிக் காட்ட மெட்ராஸிலிருந்து வந்தவர் முரளி சார். முதல் வேலை. வேகமாக நடந்தால் பேண்ட் இறங்கிவிடும், அவ்வளவு ஒல்லி.

மெஷினுக்குள் ஒரு சிப்பு. சார் எழுதும் கட்டளையை அந்தச் சிப்புக்குப் புரியும் எழுத்தாக மாற்றித் தருவது அசெம்பிளராம். மெட்ராஸிலேயே மாற்றி, பிளாப்பியில் போட்டு எடுத்து வந்திருந்தார். நம்ம ஊர்த் தூசி சும்மா விடுமா? பிளாப்பி போச்சு.

மேனேஜர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். "மூணு மணிக்கு வருவேன். ஓடலைன்னா மெஷினைக் கட்டி லாரியில ஏத்திடுவேன். நீங்களும் அதுலயே ஏறிக்கங்க தம்பி."

மிச்சம் இருந்தது, அதே எழுத்துகளை அச்சடித்த மூன்று தாள். அதைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்தால் வரி மாறிப் போகிறது. யாராவது வாசித்தால் தேவலை. ரூமில் இருந்தது நானும் துடைப்பமும்தான்.

"இங்கிலீஷ் எழுத்து தெரியுமாம்மா?"

"ஏ-யிலேர்ந்து எஃப் வரைக்கும் தெரியும் சார். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போவல."

கும்பிடாத குறை. "அது போதும்மா! இதுல எஃப்புக்கு மேல எழுத்தே கிடையாது!"

எனக்காகவே கண்டுபிடித்தது போல...

நான் வாசிக்க வாசிக்க சார் அடித்தார். அடிப்பதெல்லாம் பக்கத்தில் இருந்த ஒரு பெட்டி வழியாகச் சிப்பில் பதியும். ஒவ்வொரு வரிக்கும் முதலில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. பிறகு எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு நீளம். கடைசி இரண்டு எழுத்து, அந்த வரி சரியா என்று கூட்டிப் பார்க்க. ஒன்று தப்பினாலும் பெட்டி 'கீ' என்று கத்தும்.

"உள்ள மாமியாரு யாராச்சும் இருக்காங்களா சார்?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலம்மா."

"அப்ப ஒத்திகைன்னு வச்சுக்குங்க."

இரண்டு மணி தாண்டியது. சாருக்கு விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. கடைசி வரியைப் பார்த்தேன். ஏழு சைபர், ஒரு ஒண்ணு, ரெண்டு எஃப். வெறும் சைபரைப் போய் எதற்கு அடிக்க வைப்பது? பாவம், புள்ள. தாளை மடித்துவிட்டேன்.

"அவ்வளவுதான் சார்."

சார் காத்திருந்தார். பெட்டி கத்தவும் இல்லை, முடிந்தது என்று சொல்லவும் இல்லை. கம்மென்று கிடந்தது. மணி இரண்டே முக்கால் ஆயிற்று.

சார் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தார். "வேலை கெடச்சிருச்சுன்னு அம்மாவுக்கு இப்பதாம்மா லெட்டர் போட்டேன்..."

மடித்த தாளைப் பிரித்து நீட்டினேன்.

"சார்... ஒரே ஒரு வரி விட்டுட்டேன். எல்லாம் சைபருதான். உங்களுக்குக் கை வலிக்குமேன்னு..."

தாளைப் பிடுங்கிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா தாயே! 'முடிஞ்சுது'ன்னு சொல்றதே அந்த வரிதாம்மா! அது வராம, இன்னும் வரும் வரும்னு உக்காந்திருக்கு இது!"

அடித்தார். பெட்டி இரண்டு தரம் கூவியது. சிப்பை எடுத்துக்கொண்டு பேண்டைப் பிடித்தபடி மெஷினுக்கு ஓடினார். மேனேஜர் வந்து நின்றபோது முதல் மூட்டை ஐம்பதில் டக்கென்று நின்றது. அவர் எடை முள்ளைப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

அந்த ஒரு "ம்"முக்கு சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டதாம். நானும் நம்பினேன்.

நேற்று மருமகள் போனில் என்னவோ அப்டேட் போட்டாள். போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

"முடிஞ்சுதுன்னு அதுக்கு யாருடி சொல்றது?"

"அதுவே தெரிஞ்சுக்கும் அத்தை."

தெரிந்துகொள்ளட்டும்... எதிரில் உட்கார்ந்து வாசிக்க இப்போது ஆளே வேண்டாம். நல்லதுதான்.

அடிக்கிற பிள்ளையின் விரல் சிவந்தால், பார்த்துப் பாவப்படவும் ஆள் இல்லை... அது ஒன்றுதான்.