உதாரணத்துக்கு ஒரு சுக்கான்காரர்

ஏதென்ஸுக்குப் பக்கத்துக் கடற்கரையில், எங்கள் பலேரோன் ஊரில் பார்மேனோன் என்று ஒருவர் இருந்தார். கப்பலில் சுக்கான் பிடிப்பவர். என் அக்கா மெலித்தாவைக் கட்டியவர், அதனால் எனக்கு மச்சான். ஆனால் ஊர் அவரை மனிதராகப் பயன்படுத்தியதைவிட உதாரணமாகப் பயன்படுத்தியதுதான் அதிகம்.

அந்தக் காலத்தில் ஏதென்ஸ் பக்கத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். நியாயம் என்றால் என்ன என்று கேட்டால் செருப்பு தைப்பதில் ஆரம்பிப்பார்கள். உடம்புக்கும் உயிருக்கும் என்ன உறவு என்றால் யாழும் நரம்பும் வரும். இப்போது அப்படிப் பேசவும் ஆளில்லை, உட்கார்ந்து கேட்கவும் ஆளில்லை. எனக்கு அந்தப் பேச்சுகள் மேல் கோபம் உண்டு. இருந்தாலும் அந்த நாட்கள் திரும்ப வராதா என்று ஏங்குகிறேன்.

எங்கள் ஊருக்கு வாய்த்த ஞானி எவாகோன். நிலபுலன் உள்ளவர், நல்ல துணி உடுத்துபவர், கெட்டவர் இல்லை. தினமும் காலையில் நவுசோனின் சவரக் கடைக்கு வந்து உட்கார்வார். எந்தப் பேச்சானாலும் கடைசியில் அவர் கப்பலுக்கு வந்து சேர்வார்.

"ஒரு கப்பல்னு வச்சுக்குங்க. புயல் அடிக்குது. சுக்கான்ல நம்ம பார்மேனோன் நிக்கறாரு. துடுப்பு வலிக்கறவன்கிட்ட போய், எந்தப் பக்கம் திருப்பலாம்னு கை தூக்கச் சொல்வாரா?"

கடையில் எல்லோரும் மச்சானைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மாட்டேன்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே தினமும் கடைக்குப் போக ஆரம்பித்தார்.

அக்கா விடுவாளா? "முடியே இல்லாத மூஞ்சிய எதுக்கு தினம் அங்க தூக்கிட்டுப் போறீங்க? உதாரணம் சொல்லி முடிச்சதும் நாலு வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்பாள். அவர் வெங்காயத்தை மறந்துவிட்டு வருவார்.

எனக்கு மட்டும் அந்த "மாட்டேன்" முள்ளாகக் குத்தும். காரணம் இருந்தது.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நானும் அவரும் ஒரே போர்க்கப்பலில் இருந்தோம். அவர் பின்புறம் சுக்கானில், நான் அடித்தட்டில் துடுப்பில். மூன்று தட்டிலும் அடித்தட்டுதான் மட்டம். வெளியே ஒன்றும் தெரியாது, மேலே இருப்பவனின் வேர்வை தலையில் சொட்டும். எங்களுக்கு உலகம் என்பது துடுப்பின் பிடிதான். எவ்போயா தீவின் தென்முனையில் ஒருநாள் காலை மூடுபனி. முந்தின நாள் மதியத்திலிருந்து யாரும் சாப்பிடவில்லை. மணல் கரை இருக்கிற ஒரு குடாவுக்குள் கப்பலை விடுவதாக நினைத்து மச்சான் திருப்பினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கி பார்லி உருண்டை தின்னலாம் என்று எல்லோரும் வேகமாக வலித்தார்கள். என் துடுப்புக்கு அது பிடிக்கவில்லை. மணல் கரைப் பக்கம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். இங்கே போன அலை உடனே திரும்பி வந்து துடுப்பைக் கையில் உதைத்தது. எதிரே பாறை இருந்தால் மட்டும்தான் அப்படி நடக்கும்.

கப்பலில் துடுப்புக்காரன் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். "பாறை! பின்னால வலிங்கடா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். மச்சான் சுக்கானை வளைத்தார். பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பாறைச் சுவர் வந்து, துடுப்பு நீளத்தில் எங்களைக் கடந்துபோனது.

கரை இறங்கியதும் கப்பல் தலைவர் மச்சானைத்தான் கட்டிப்பிடித்தார். பனியிலும் பாறையை மோப்பம் பிடித்த சுக்கான்காரர் என்று பெயர் பரவியது. கத்தியது யார் என்று மேல்தட்டில் யாருக்கும் தெரியாது. மச்சானுக்குத் தெரியும். என் குரல் அவருக்குத் தெரியாதா? அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அக்கா அந்தப் பெயரால்தான் நல்ல வீட்டில் வாழ்ந்தாள். நான் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு சிசிலித் தீவுக்குச் சண்டைக்குப் போன கப்பல்கள் திரும்பி வராத வருஷம் வந்தது. ஊரில் அழாத வீடு இல்லை. யார்மேல் பழி போடுவது என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தபோது, எவாகோன் ஊர்ச்சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊர்த்தலைவரை நாங்கள் குடத்துக்குள் பெயர்களும் அவரைக்காய் விதைகளும் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். வெள்ளை விதை யார் பெயரோடு வருகிறதோ அவர் ஒரு வருஷம் தலைவர். இனி அந்தக் குலுக்கலில் நிலம் உள்ளவர்களின் பெயர் மட்டும் இருக்கட்டும், துடுப்பு வலிக்கிறவர்கள் விலகட்டும் என்பதுதான் தீர்மானம். எனக்குச் சொத்து என்று இருந்தவை ஒரு துடுப்பு, அதைக் கட்ட ஒரு தோல்வார், உட்கார ஒரு ஆட்டுத்தோல். நிறைவேறினால் என் பெயர் அந்தக் குடத்துக்குள் இனி விழாது.

சபைக்கு நடந்துபோகும்போது மச்சானிடம் கேட்டேன்.

"இன்னைக்கு எவாகோன் உங்களத்தான் எழுப்பிக் கேக்கப் போறாரு."

"எழுப்பட்டும்."

"என்ன சொல்வீங்க, மச்சான்?"

"கேக்கறதுக்கு பதில் சொல்வேன், மாப்ளே. பேசாம நட."

அன்றைக்கு நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவின் முகம் வந்து நின்றது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எவாகோன் நன்றாகப் பேசினார். அவருடைய வழக்கமே, சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு, எதிராளியை ஆமாம் போட வைத்து, கடைசியில் கதவைச் சாத்துவதுதான்.

"பார்மேனோன், சுக்கான் பிடிக்க ஆள விதை போட்டு எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க."

"கடல் தெரிஞ்சவன்தானே பிடிக்கணும்?"

"ஆமா."

"அப்ப துடுப்புல இருக்கறவன் சுக்கான்ல இருக்கறவனுக்குச் சொல்ல ஒண்ணும் கிடையாது. சரிதானே?"

சபை சிரித்தது. மச்சான் தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். சரிசெய்யவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தடவ சொன்னான்" என்றார். "நான் கேக்கல. அவனாத்தான் கத்தினான். அன்னைக்கு நான் மணல்னு நெனச்சு பாறையில விடப் பாத்தேன். எவ்போயாவுல. நான் மோப்பம் புடிச்சேன்னு சொல்றீங்களே, அந்தப் பாறைதான்."

எவாகோன் கொஞ்சம் தடுமாறி, "அது ஏதோ ஒரு தடவ நடந்தது. நான் பொதுவா கேக்கறேன்" என்றார்.

"பொதுவான பாறைன்னு நான் எதையும் பாக்கலைங்க. பாத்தது அந்த ஒண்ணுதான். இருநூறு பேரு இருந்தோம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேல இருக்கற கடல் எனக்குத் தெரியும். அடியில இருக்கறது அவனுக்குத்தான் தெரிஞ்சுது."

"யாருய்யா அவன்?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பொண்டாட்டி தம்பி சிமுலோஸ். கடைசி வரிசையில ஒளிஞ்சுகிட்டு இருக்கான். ஏழு வருஷமா எனக்காக வாயத் தொறக்கல."

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எல்லோர் முன்னாலும் அழுதேன்.

கை தூக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு கை வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. எவாகோன் அடுத்த மாதமே உதாரணத்தில் கப்பலை விட்டுவிட்டு வைத்தியருக்கு மாறினார். மச்சானுக்குத்தான் நஷ்டம். பெரிய கப்பலுக்கு அவரை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. எதிரே இருக்கும் சலாமிஸ் தீவுக்கு ஆடும் ஆளும் ஏற்றிப் போகும் படகு ஓட்டினார். சவரக் கடையில் பையன்கள் "பாறை வருது" என்பார்கள். அவருக்கு அது வலித்தது. அக்காவோ, "இப்பவாவது வெங்காயம் ஞாபகம் வருதே" என்று சொல்லி அவர் தட்டில் இன்னும் இரண்டு பொடிமீன் வைப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து என் பெயரோடு வெள்ளை விதை வந்தது. அடித்தட்டுக்காரன் ஊர்த்தலைவர்! மச்சானிடம் ஓடினேன். அவர் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதே, மச்சான். எங்கயாவது கொண்டுபோய் மோதிருவேன்."

அவர் தார்க் கையைத் துடைக்கவும் இல்லை. "சுக்கான் உன் கையில இருக்கட்டும். நான் அடித்தட்டுல உக்காந்திருக்கேன். பாறை தட்டுச்சுன்னா கத்தறேன்" என்றார்.

அந்த வருஷம் முழுக்க சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மூன்று தடவை கத்தினார். மூன்று தடவையும் நான் திருப்பினேன்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதும் ஏதாவது முடிவு எடுக்கும்போது ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை.