முதலுதவிச் சங்கத்து மரவள்ளித் தோட்டம்

கோப்பி குடிக்க வருகிறவர்கள் சுவரில் நான் ஒட்டியிருக்கும் இதைப் படித்துவிட்டு உட்காருங்கள். காலையிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

என் மகள் சரோஜா நர்ஸாக வேண்டும் என்று பள்ளிக்கூட முதலுதவிச் சங்கத்தில் சேர்ந்தாள். மூன்று வாரமாகக் கையெல்லாம் கொப்புளம். சங்கத்து வாத்தியார் தன் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளை மரவள்ளிக்குக் களை பிடுங்க விடுகிறாராம்.

இன்று அவரே என் கடைக்குக் கோப்பி குடிக்க வந்தார்.

“என்ன சார், மரவள்ளிக்கு எங்க அடிபட்டுச்சு? கட்டுப் போட்டாச்சா?”

“அரிசி கிடைக்காத காலம்ணே. இதுவும் சேவைதான் லா.”

“சரி, கிழங்கு யாருக்கு?”

அவர் முகம் மாறியது. “ரொம்பப் பேசினா சங்கத்துல சரோஜா பேரை அடிச்சிருவேன். அவ நர்ஸாகணும்னா ஆஸ்பத்திரிக்கு நான்தான் சிபாரிசு எழுதிக் குடுக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.”

பிள்ளையின் பிழைப்பைக் காட்டி மிரட்டுகிற மனுஷன்!

சனிக்கிழமை அந்தக் கிழங்கு முழுவதையும் பிடுங்கி ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இறக்கப் போகிறேன். “முதலுதவிச் சங்கத்துப் பிள்ளைகளின் சேவை” என்று பெரிய டாக்டரிடமே சொல்வேன். அப்புறம் யார் பேரை அடிக்கிறார் பார்ப்போம்.

கிழங்கு அள்ளச் சாக்குப் பையோடு வருகிறவர்கள் கீழே பேர் எழுதுங்கள். வாத்தியார் பேரை முதல் ஆளாக நானே எழுதிவிட்டேன்.